மேசைமீது இருந்தும் இல்லாத புத்தகம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாகக் கொண்டாட வேண்டிய நாள், எங்கள் பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவைப் பணியில் 'அமர்த்திய' நாள்தான். பதிவாளர் என்ற முறையில் நியமன ஆணையில் கையெழுத்திட்டவன் நான். ஆணையை எழுதியதும் அந்த இயந்திரமே.

அன்றுமுதல் வினாத்தாளை அது தயாரித்தது. மாணவர்கள் விடைகளை அதனிடமே வாங்கி எழுதினார்கள். திருத்தியதும் அதுதான். தேர்ச்சி நூறு சதவீதம்! பேராசிரியர்கள் மின்விசிறிக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு 'மேற்பார்வை' செய்தார்கள்.

இந்தப் பொற்காலத்துக்குக் குறுக்கே வந்தாள் ஒரு முதுகலை மாணவி. ஆய்வேட்டைத் தானே எழுதித் தொலைத்திருந்தாள். அதில் அவள் மேற்கோள் காட்டிய நூல் உலகத்திலேயே இல்லை, கட்டுக்கதை என்று இயந்திரம் சொல்லிவிட்டது. பட்டம் நிறுத்தப்பட்டது. துணைவேந்தர் தலைமையில் விசாரணைக் குழு கூடியது.

"பதினஞ்சாம் தேதிக்குள்ள சர்டிபிகேட் காட்டலைன்னா, கிடைச்ச வேலை போயிடும் சார்," என்றாள்.

"இல்லாத புத்தகத்தை எதுக்கும்மா எழுதினே?" என்றார் துணைவேந்தர்.

"இருக்கு சார். நம்ம லைப்ரரியிலேயே." பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். தூசி பறந்தது. நான் தும்மினேன். "நீங்க டாக்டர் பட்டத்துக்கு எழுதினதுதான் சார்."

துணைவேந்தரின் முகம் மலர்ந்தது. அட்டையைத் தடவிப் பார்த்தார். "முழுசாப் படிச்சியா?"

"ரெண்டு தடவை சார். இதை ஸ்கேன் பண்ணி மெஷினுக்குக் குடுங்க. எந்த வரியை யாரு எங்கேருந்து எடுத்தாங்கன்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லிடும்."

துணைவேந்தர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஸ்கேன் எல்லாம் வேண்டாம்மா. இது என்னோடது இல்லை."

"உங்க பேரு போட்டிருக்கே சார்! கையெழுத்துகூட இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். மெஷின் இல்லைன்னா இல்லைதான். பதிவாளர், எழுதிக்குங்க."

எழுதினேன்: 'மேற்படி நூல் மேசைமீது காணப்பட்டபோதிலும், அது இல்லை என்று இக்குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.'

அந்தப் பெண் அழவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வெளியே போனாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் அதற்குப் பத்தி கிடையாது.

மாலையில் நூலகத்துக்குப் போனேன். அதே அலமாரியில் என் ஆய்வேடும் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. பைக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

எங்கள் இயந்திரம் கண்டுபிடிக்காமல் விடாது என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.