மசக்கைக்குப் புறப்பட்ட சக்கை

அய்யா உண்டு

கருங்கல்

பேரன்பும் பெரும் படிப்பும் கொண்ட மாப்பிள்ளை அனீஷுக்கு, மாமனார் நாராயணபெருமாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை ஓமனாவும் சுகம். தோட்டமும் சுகம். சக்கை சுகமா என்று மட்டும் சொல்ல முடியவில்லை, அது எங்கே இருக்கிறது என்று நேற்று வரை யாருக்கும் தெரியாது.

மகள் ரேஷ்மி மசக்கையாக இருக்கிறாள், வாயில் எதுவும் இறங்கவில்லை, நம் தோட்டத்து வரிக்கச் சக்கைச் சுளை ஒன்று கிடைத்தால் போதும் என்று போனில் அழுதாள் அல்லவா, அன்றைக்கே ஓமனா, "சென்னை பஸ்ஸுல போட்டு விடுங்க, வெடியக்காலம் பிள்ளை கையில இருக்கும்" என்றாள். நான்தான் கேட்கவில்லை. ஏன் என்றால் நீங்கள் ஆராய்ச்சி செய்து சர்க்காருக்குச் சிபாரிசு செய்த 'வாசல் டு வாசல்' திட்டம், அதாவது பெட்டியை ஒரு முறை பூட்டினால் லாரி, ரயில், மறுபடி லாரி என்று நடுவில் திறக்காமலே வீட்டு வாசலில் வந்து இறங்கும் திட்டம், அதற்கு எங்கள் பக்கத்து விவசாயி ஒருத்தர் கூடச் சேரவில்லை, டெல்லியில் என்ன காட்டுவேன் மாமா என்று நீங்கள் வருத்தப்பட்டது என் மனசில் கிடந்தது. மாப்பிள்ளைக்கு இது கூடச் செய்யவில்லை என்றால் நான் என்ன மாமனார்?

பெட்டி வந்தது. நம் வீட்டை விடப் பெரிசு. இடவழி முனையில் நின்றுவிட்டது. லோடு ஏற்ற வந்த பிரதீஷ் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது உள்ள கேறணும்னா ரெண்டு பக்கத்து மதிலயும் இடிக்கணும்" என்றான். கடைசி மைலில்தான் சிக்கல் என்று நீங்கள் அறிக்கையில் எழுதியிருந்தீர்கள், எங்களுக்கு முதல் நூறு அடியிலேயே வந்துவிட்டது. தோட்டத்துச் சக்கை அத்தனையையும் தலையில் சுமந்து, சைக்கிளில் உருட்டி, பிரதீஷின் ஆட்டோவில் திணித்து ரோட்டுக்குக் கொண்டுபோனோம். பலவழிப் போக்குவரத்து என்று நீங்கள் சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இடுப்பு இன்னும் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு கம்பெனியில் இருந்து ஒரு பெண் போன் செய்தாள், சென்னைக்காரியாக இருக்க வேண்டும். "என்ன சரக்கு சார்?" "சக்கைம்மா." "எதோட சக்கை சார், கரும்பா?" "இல்ல மக்கா, பிலாவுல உள்ளது." "மில்லாவா சார், மில்லுல இருந்து வர்றதா? சரி சார், எடுத்தது போக மிச்சம் வர்ற சக்கைதானே?" நான் நாணயஸ்தன் பாருங்கள், "ஆமாம்மா, வீட்டுக்கு எடுத்தது போக மிச்சம் முழுக்க ஏத்திட்டேன்" என்றேன். ரொம்ப நன்றி சார் என்று வைத்துவிட்டாள். நமக்குச் சக்கை என்றால் பலாப்பழம், அவர்கள் ஊரில் சக்கை என்றால் பிழிந்து எறிகிற குப்பை என்பது எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் ஆராய்ச்சியில் ரயில் பாதை அகலம் எல்லாம் இருக்கிறது, இது இல்லையே!

பெட்டி ஏதோ ஒரு யார்டில் கிடந்தது. ரயில் வந்தால் தூக்கி வைக்க கிரேன் இல்லையாம், கிரேன் வந்தால் ரயில் இல்லையாம். தினமும் என் போனுக்கு, 'உங்கள் சரக்கு உற்சாகமாக நகர்ந்துகொண்டிருக்கிறது' என்று செய்தி மட்டும் தவறாமல் வந்தது. ரேஷ்மி ஒரு பக்கம், "அப்பா, சக்கை எங்கப்பா?" என்று அழ, ஓமனா இன்னொரு பக்கம், "நான் அப்பளே சொன்னேன், கேட்டியளா?" என்று ஆரம்பிக்க, வீட்டில் எனக்குச் சோற்றை விட ஏச்சுதான் அதிகம் விழுந்தது. கடைசியில் பெட்டி சென்னை சேர்ந்ததாம். அங்கே ஒரு புத்திசாலி அதிகாரி, குப்பையை எவனாவது ஃபிளாட்டுக்கு அனுப்புவானா என்று யோசித்து, விலாசத்தைத் தானே திருத்தி, உரக்கிடங்குக்கு அனுப்பிவிட்டார்.

நேற்று அந்தக் கிடங்கு மேனேஜர் ஜஸ்டஸ் என்பவர் போன் செய்தார். "ஐயா, உங்க குப்பை ரொம்ப அருமை. எங்க ஆளுங்க எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோனாங்க. அடுத்த லோடு எப்ப வரும்?" மாப்பிள்ளை, எனக்கு வயிறு எரிந்துவிட்டது. என் பிள்ளை ஒரு சுளைக்கு ஏங்கிக் கிடக்கிறாள்! அந்த எரிச்சல் அடங்குவதற்குள் உங்கள் ஆபீசில் இருந்து வேறொருவர் அழைத்து, கழிவுப் பிரிவில் பெறுநர் முழுத் திருப்தி தெரிவித்த ஒரே சரக்கு உங்களுடையதுதான், அறிக்கையின் அட்டையில் உங்கள் போட்டோவைப் போடுகிறோம், சிரித்த மாதிரி ஒன்று அனுப்புங்கள் என்றார்.

ஆகையால் கண்டிப்பாக எழுதுகிறேன். என் பெயரை அந்த அறிக்கையில் இருந்து எடுத்துவிட வேண்டும். திட்டம் படு தோல்வி என்று நீங்களே உங்கள் கையால் எழுத வேண்டும். லீவு போட்டு ரேஷ்மியை இங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும், மரத்தில் இன்னும் ஒரு சக்கை மிச்சம் இருக்கிறது.

சுவாமித்தோப்பு அய்யா பதியில் ரேஷ்மி பேரில் வேண்டிக்கொண்டு, அவள் நெற்றியில் இடத் திருநாமப் பொட்டலம் இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பெட்டியில் அனுப்புவதாக இல்லை. அய்யா கிருபையில் தாயும் பிள்ளையும் நீங்களும் எல்லா வளமும் பெற்று வாழ்க.

இப்படிக்கு,
நொந்துபோன மாமனார்,
நாராயணபெருமாள்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் படிக்காத மாதிரி வைத்துக்கொள்ளவும். இப்போதுதான் ரேஷ்மி பேசினாள். சக்கை என்ற பேச்சை எடுத்தாலே குமட்டுகிறதாம். "நல்லவேளை அது வீட்டுக்கு வரலப்பா, அவரு திட்டம் என்னைக் காப்பாத்திச்சு" என்று சிரிக்கிறாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! அறிக்கையில் என் பெயர் இருக்கட்டும், போட்டோவும் அனுப்புகிறேன். இப்போது அவளுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வேண்டுமாம். உடனே உங்கள் பெட்டிக் கம்பெனிக்கே போன் செய்தேன். அதே பெண். "மரச்சீனி" என்றேன். "சீனியா சார், எத்தனை மூட்டை?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஓமனா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். கிழங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு இன்றைக்கே நாகர்கோவிலில் பஸ் ஏறுகிறாள். இந்தக் கடிதமும் அவள் கையில்தான் வருகிறது. நீங்கள் இதைப் படிக்கும்போது எதிரே நின்றுகொண்டிருப்பாள். உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கேட்க வேண்டுமாம். முதலில் ஒரு காப்பி போட்டுக் கொடுத்துவிடுங்கள்.