குளியலறைக்குள் ஒரு மிளகாய்த் தோட்டம்

என் மகன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நாவூறு பட்டுவிடும். பட்டம் பெற்றவள்தான், ஆனாலும் சின்ன வயதில் அவன் கன்னத்தில் நான் வைத்த கரும்பொட்டு, கன்னத்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது.

அப்போது அவனுக்கு மூன்று வயது. சாமான் விலை தாறுமாறாக ஏறியிருந்த காலம். வீட்டுத்தோட்டம் செய்பவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது. முதலில் கன்றும், அதற்குப் போடப் பசளையும். காய்த்ததை விவசாய உத்தியோகத்தர் வந்து பார்த்த பிறகு காசு. எங்கள் வெள்ளவத்தை மாடிவீட்டில் மண் என்பது மகனின் சப்பாத்தில் ஒட்டி வருவது மட்டும்தான். இருந்தும் பல்கனியில் ஆறு சாடிகளில் மிளகாய் வைத்தேன். வரப்போகும் காசை மகனின் பால்மாவுக்கு என்று அப்போதே ஒதுக்கியாயிற்று.

நான்கு சாடிகள் காய்த்துக் குலுங்கின. இரண்டு நோஞ்சான். கீழ்வீட்டுப் பிலோமினா அக்கா (பிறந்தது கொட்டாஞ்சேனை, குரல் துறைமுகம்வரை கேட்கும்) பார்த்துவிட்டு, "யேசுவே, என்ன காய் புள்ள இது! மார்க்கட்டுலகூட இப்படி இல்லையே!" என்றார். மறுநாளே ஓர் இலை சுருண்டது. பிள்ளைக்கு நாவூறு பட்டால் செத்தல் மிளகாயைச் சுற்றி நெருப்பில் போடலாம். மிளகாய்க்கே பட்டால் எதைச் சுற்றுவது?

ஆகவே உத்தியோகத்தர் வருகிற அன்று காய்த்த நான்கையும் குளியலறைக்குள் ஒளித்துவிட்டேன். (காயைப் பார்க்கத்தானே அவரே வருகிறார் என்பது உறைக்கவில்லை.)

வந்தவர் ஒரு சிங்களப் பெண்மணி. குடையும் பையுமாக நான்கு மாடி ஏறி வந்திருந்தார். நோஞ்சான்களைப் பார்த்தார்.

"மிஸிஸ், காய் ஒண்டும் இல்லையே. பாஸ் பண்ண ஏலாது."

"இருக்குது மிஸ். பாத்ரூமுக்குள்ள."

அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. "சரி, பார்ப்பமே" என்றார்.

கதவு திறக்கவில்லை. மகன் உள்ளே போய்க் கொண்டியைப் போட்டிருந்தான்.

"திற ராசா!" கெஞ்சினேன், அதட்டினேன், சொக்லட் தருவதாகச் சொன்னேன். உள்ளே படக், படக் என்று காய் ஒடிக்கும் சத்தம். அந்தக் கையைக் கண்ணில் வைத்துவிட்டால்? நான் அழத் தொடங்கிவிட்டேன்.

அவர் பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மகனே என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கூப்பிட்டார். "புத்தா, உள்ளுக்கு மிளகாய் இருக்காம். அம்மா சொல்றது பொய்தானே?"

சத்தம் நின்றது. "பொய் இல்ல!"

"சும்மா. இருந்தா காட்டுங்க பார்ப்பம்."

கொண்டி விலகியது. சட்டை மடி நிறைய மிளகாயோடு நின்றான். சாடிகளில் ஒரு பிஞ்சுகூட மிச்சமில்லை. கண்ணுக்குப் போன கையை எட்டிப் பிடித்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவியவரும் அவர்தான். நான் வெறுஞ்சாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பால்மா போயிற்று.

ஒடித்த இடங்களைக் குனிந்து பார்த்தார். "எல்லாம் பச்சைக் காயம். இதுலதான் காய்ச்சிருக்கு. பறிச்சும் ஆச்சு. பாஸ்! ஆனா ஏன் ஒளிச்சது?"

சொன்னேன். சிரிக்கவில்லை. "ஆ, நாவூறு! நாங்க சொல்றது ஆஸ்வஹ. எங்கட அம்மாவும் இப்படித்தான்." போகும்போது மகனை நன்றாகப் பார்த்து, "சீ, சரியான வடிவில்லாத பிள்ளை!" என்றார். அவனை யாரும் அத்தனை அக்கறையாகப் பாராட்டியதில்லை.

காசு வந்தது. பால்மாவும் வந்தது.

போன வாரம் மகன் வகுப்பில் இரண்டாவதாக வந்திருந்தான். "பிலோமினா அக்காவுக்குச் சொல்லிப்போடாதை" என்று அவன் காதுக்குள் சொன்னேன்.

"அப்ப நான் பாத்ரூமுக்குள்ள இருக்கட்டோ, அம்மா?"

அறைக்குள்ளிருந்து கணவரின் குரல் வந்தது: "இரு, ஆனா கொண்டியைப் போடாதை!"