பறவையின் அலகு

மனித குல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: துருப்பிடிப்பதற்கு முன், துருப்பிடித்த பின். இரண்டாவது காலத்தைச் சமாளிக்கவென்றே தோன்றியது எங்கள் ‘பழங்கார் அணிகலன் புத்துயிர்ப்புச் சங்கம்’. உறுப்பினர்கள் மூவர். தலைவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். பொருளாளர், என் அக்காவின் கணவரான மாமா. செயலாளர், அடியேன்.

மாமாவிடம் எழுபது வயதுக் கார் ஒன்று உண்டு. கார் என்றதும் ஓடும் என்று அவசரப்பட்டு நினைத்துவிடக் கூடாது. வாங்கிய அன்று, “முதல் சவாரி உனக்குத்தான்” என்று அக்காவிடம் சொன்னார். பதினெட்டு வருஷமாகக் கார் ஷெட்டில் நிற்கிறது. அதன் அணிகலன்கள் மட்டும் குளியலறையில் ‘சிகிச்சை’ பெறுகின்றன. வினிகர் பக்கெட்டில் விளக்கு வளையங்கள். ஆணியில் ரப்பர் பந்து வைத்த ஹாரன். ஜன்னல் விளிம்பில், கார் மூக்கின் மேல் உட்கார வேண்டிய குரோம் பறவை. அதன் இறகு இடுக்குத் துருவைக் குழந்தைகள் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மூன்று மாதம் எடுத்து, மெழுகு பூசியிருந்தார் மாமா. அதன் பக்கத்தில் யாரும் தும்மக்கூட முடியாது.

வினிகர் ஆவி பட்டுப் பட்டு, குளியலறைத் தாழ்ப்பாளே துருவேறிவிட்டது. நாலு மாதமாக அக்கா முறையிட்டாள். சங்கம் மனுவைக் கனிவுடன் பரிசீலித்து, தாழ்ப்பாள் கார் அணிகலன் அல்ல என்பதால் நிராகரித்தது.

அன்று காலை மாமா வீட்டில் எங்கள் மாதக் கூட்டம். அக்காவுக்குப் பத்து மணிக்கு டிரைவிங் டெஸ்ட். முதல் தடவை தவறி, இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. ஒன்பதேகாலுக்கு முகம் கழுவப் போனவள், உள்ளேயிருந்து கதவை இடித்தாள்.

“தாழ்ப்பாள் வரமாட்டேங்குது! கதவை உடைங்க!”

மூவரும் ஓடினோம். கூட்டம் நடத்தத் தேவையான ஆள் கணக்கு, அதாவது ‘கோரம்’, இருந்ததால், தலைவர் அதையே அவசரக் கூட்டமாக அறிவித்தார்.

“தாழ்ப்பாள் லேசா ஆடுதாம்மா? இல்ல, வேரோட கெட்டியா இருக்கா?” என்று கேட்டார், பழைய தொழில் ஞாபகத்தில்.

“ஆடவே இல்ல டாக்டர்! எனக்கு நேரமாகுது!”

“பலவந்தம் கூடவே கூடாது” என்றார் மாமா. “பக்கெட்ல வினிகர் இருக்கு பாரு. துணியை நனைச்சுத் தாழ்ப்பாள்ல சுத்தி, அப்படியே விட்டுடு.”

“எவ்வளவு நேரம்?”

“இருபத்துநாலு மணி நேரம்.”

உள்ளேயிருந்து பாம், பாம், பாம் என்று ஹாரன் அலறியது.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “கேட்டீங்களா டாக்டர்? ஒரு கரகரப்பு இருக்கா?”

தலைவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பாராட்டுத் தீர்மானம் எழுதினேன். ஏகமனதாக நிறைவேறியது.

“டேய் தம்பி! நீயாவது உடைடா!”

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டம் முடியும் முன் குறிப்பேட்டைக் கீழே வைக்கச் செயலாளருக்கு அதிகாரம் கிடையாது.

திடீரென்று உள்ளே ‘டங்’. இன்னொரு ‘டங்’. மூன்றாவதில் தாழ்ப்பாள் தெறித்துத் தரையில் விழுந்தது. கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள். கையில் பறவை.

“ஐயையோ, அலகு! அலகு நசுங்கிப்போச்சு!” என்றார் மாமா. அக்காவுக்கு அடி பட்டதா என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான். அவள் பறவையை அவர் கையில் திணித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மதியம் அவள் திரும்பியபோது, அலகைச் சுற்றிக் குனிந்தபடி கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

“பாஸாயிட்டேன்” என்றாள் அக்கா.

மாமா நிமிரவில்லை. “அடிக்கிறதுக்கு வேற ஒண்ணுமே கிடைக்கலையா உனக்கு?”

அக்கா என் குறிப்பேட்டைத் தட்டினாள்.

“எழுதிக்கோடா, செயலாளர். பதினெட்டு வருஷத்துல, இந்தக் கார் என்னை வெளியே கூட்டிட்டு வந்தது இன்னைக்குத்தான்.”