ஊடுவழி அண்ணன் தரம் போட்ட சாலைகள்

மட்டாஞ்சேரியிலிருந்து செல்லானம் கடற்கரை வரைக்கும் ஒரே ஒரு ஹார்ன் சத்தம்கூடக் காதில் விழாமல் சைக்கிளில் போய்ச் சேரத் தெரிந்தவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் தெருக்காரர். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறது. மன்னியுங்கள், வேண்டுமென்று செய்வதில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் ஊடுவழி அண்ணன். சந்துக்குள் சந்து, அதற்குள் ஒரு வேலி இடைவெளி என்று புகுந்து போகிற பாதைக்கு எங்கள் ஊரில் ஊடுவழி என்று பெயர். உள்ளங்கை ரேகை மாதிரி அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

வேலை, மிளகுக் கிடங்கில் தரம் பார்ப்பது. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். உருட்டுவார், மோந்து பார்ப்பார், ஒன்றைக் கடிப்பார். எத்தனை நாள் வெயில் கண்டது, நடுவில் மழை பட்டதா, படவில்லையா, எல்லாம் சொல்லிவிடுவார். ஆறு நாள் மிளகுக்குத் தரம் போட்ட மனிதர் ஏழாம் நாள் சும்மா இருப்பாரா? விடிவதற்கு முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ரோடுகளுக்குத் தரம் போட்டுவிட்டு வருவார்.

அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். நடுரோட்டில் நாய் படுத்துத் தூங்க வேண்டும். நாம் மணி அடித்தாலும் அது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். அது முதல் தரம். நாய் எழுந்து நகர்ந்தால் இரண்டாம் தரம். நாயையே காணோம் என்றால் மூன்றாம் தரம். "நாய்க்குத் தெரியாததா உனக்கும் எனக்கும் தெரியப்போவுது? வண்டி வர்ற இடத்துல அது படுக்காது, கேட்டியா" என்பார். பஸ் போகிற சாலையைப் பற்றிக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். "அது ரோடு அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போற குறுக்குவழியாக்கும்."

ஒரு தடவை காயலுக்கு அந்தப்புறம் தேவராவில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். நாங்களெல்லாம் பாலத்தின் மேல் பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் போய்விட்டோம். இவர் சைக்கிளைப் படகில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, சந்து சந்தாக மிதித்து மண்டபம் வந்தபோது பந்தியில் கடைசி இலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா கோபத்தில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். இவரோ வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "முகூர்த்தம் கிடக்கட்டும், வர்ற வழியில ஒரு ஆட்டோகூட இல்ல தெரியுமோ!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வேறென்ன செய்வார்?

இன்னொரு தடவை தலைக்கவசமும் இறுக்கமான சட்டையுமாக நாலைந்து இளைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அண்ணனின் வழிகளைப் போனில் வரைபடமாகப் போட்டுக் கொடுத்தால் ஊருக்கே பயன்படும் என்றார்கள். அண்ணன் அவர்களை உட்காரவைத்து, சாயா வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போன்ல போட்டா ஊரே வரும். ஊர் வந்தா கார் வரும். அப்புறம் நாய் எங்க போய்ப் படுக்கும்?" அவர்கள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

அப்பேர்ப்பட்டவர் எனக்கு மட்டும் வழி காட்டினார். அதுதான் என் பெருமை.

கதை இதுதான். சின்ன வயதில் என் அண்ணன் தம்பிகள் ஞாயிறுதோறும் சைக்கிளில் செல்லானம் போய்க் கடல் பார்த்துவிட்டு வந்து அளப்பார்கள். பெண்ணுக்கு எதுக்கு சைக்கிள் என்று என்னை விடவில்லை. அந்த ஆத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்து நாற்பத்தேழு வயதில் ஒரு சைக்கிள் வாங்கினேன். மைதானத்தில் ஓட்டப் பழகினேன். முதல் தடவையாகத் தோப்பும்படி சந்திப்புக்கு ஓட்டிப்போனேன், பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது, நான் நேராக ஒரு மீன்காரியின் கூடைக்குள் போய் உட்கார்ந்தேன். அவள் என்னைத் திட்டிய திட்டில் மீனெல்லாம் மறுபடி துள்ளியிருக்கும்.

அதோடு சைக்கிள் வராந்தாவில் துணி காயப்போடும் கம்பியாயிற்று. ஒரு மாதம் பார்த்துவிட்டு என் கணவர், "தூசி அடைஞ்சு கெடக்கு. என் தம்பி மகன் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கட்டும்" என்றார். நான் அடுக்களைக்குப் போய்த் தேங்காய் துருவிக்கொண்டே அழுதேன். சைக்கிள் போனால் கடலும் போயிற்று என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ஊடுவழி அண்ணன் வாசலில் நின்றார். மீன் கூடை விவகாரமும் சைக்கிள் கைமாறப்போவதும் தெருவுக்கே தெரியுமே. "ஞாயித்துக்கிழமை காலை அஞ்சரைக்கு ரெடியா நில்லு. சாயங்காலம்தானே அவன் எடுக்க வர்றான்? காலையில வண்டி உன்னுதாக்கும்" என்றார்.

போனோம். இருட்டு பிரியுமுன் பள்ளுருத்தி மெயின் ரோட்டில் இரண்டு பஸ் ஸ்டாப் தூரம் மட்டும் போக வேண்டியிருந்தது. ஈ காக்கை இல்லை. அதன்பின் கும்பளங்கிப் பக்கம் அவர் திருப்பிய பாதைகளை என்னவென்று சொல்ல! இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல், நடுவில் ஒரு வண்டி அகலத்துக்கு வரப்புச் சாலை, தென்னை நிழல், கொக்கு. முதல் நாய் படுத்திருந்தது. அண்ணன் மணி அடித்தார். அது ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. "கண்டியா!" என்றார், தானே பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கியது மாதிரி. ஏழரைக்கு நான் கடல் முன்னால் நின்றேன். என் காலால் மிதித்து வந்து பார்த்த கடல். கத்த வேண்டும்போல இருந்தது, கத்தினேன்.

திரும்பும்போதுதான் விதி ஒரு வீட்டு வாசலில் பாய் விரித்துக் காத்திருந்தது. பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு பிடி அள்ளினார், மோந்தார், கடித்தார். உள்ளிருந்து ஒரு சேச்சி ஓடிவந்தாள்.

"எந்தா சேட்டா இது? எங்க குருமுளகை எதுக்குத் தின்னுறீங்க?"

"இது ரெண்டு நாள் வெயில் போதாது. மூட்டை கட்டினா பூஞ்சை பிடிக்கும், கேட்டியா? பாயை வெயில் விழுற அந்தப் பக்கம் போடு."

"எங்க அப்பன் காலத்துலருந்து இந்தப் பக்கம்தான் போடுறோம்!"

"அப்ப உங்க அப்பன் காலத்துலருந்தே தப்பு."

சண்டை அரை மணி நேரம். சமாதானம் ஒரு மணி நேரம். வேகவைத்த கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வேறு வந்தன. பாயை இழுத்துப் போட்டு, மிளகைத் தன் கையால் கிளறிப் பரப்பிவிட்டுத்தான் எழுந்தார். நாங்கள் பள்ளுருத்தி மெயின் ரோட்டு முனைக்கு வந்தபோது மணி பதினொன்று. காலையில் ஈ காக்கை இல்லாத சாலையில் பஸ், லாரி, ஆட்டோ, ஒன்றையொன்று விழுங்குகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன.

அண்ணன் இறங்கினார். சங்கிலி கழன்ற மாதிரி இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். கழலவில்லை. காற்று குறைவு என்றார். அதுவும் இல்லை. சாயா குடிக்கலாம் என்றார். குடித்தோம். இன்னொரு சாயா சொன்னார். அந்த டம்ளரைத் தொடாமலே மூன்றாவது சாயா சொன்னபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

"அண்ணா... உங்களுக்கும் பேடியா?" பயத்துக்கு எங்கள் ஊரில் பேடி என்றுதான் சொல்வோம்.

"யாருக்கு? எனக்கா?" என்றார் விறைப்பாக. பிறகு சாலையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "ஹார்ன் கேட்டா கை தானா பிடிய விட்டுருது மோளே. எந்தக் காலத்துலருந்தோ அப்படித்தான். யாரிட்டயும் சொல்லல. நாம தள்ளிக்கிட்டே நடந்துரலாம்."

 இத்தனை வருஷம் இந்த மனிதர் நாயிடம் கேட்டுக் கேட்டு ரோடு தேடியது இதற்காகவா? என்னை மாதிரியே ஒரு பயந்தாங்கொள்ளியா இவர்? அதேசமயம் இன்னொன்றும் தெரிந்தது. இப்போது தள்ளிக்கொண்டு போனால், சாயங்காலம் தம்பி மகனுக்கு நானே சைக்கிளைத் துடைத்துக் கொடுப்பேன்.

"தள்ள வேண்டாம் அண்ணா. ஓட்டுவோம். நான் முன்னால போறேன், என் பின்சக்கரத்தை மட்டும் பாருங்க."

ஏறிவிட்டேன்.  இரண்டாவது ஸ்டாப்பை நெருங்கும்போது பின்னால் அதே எமன் மாதிரி ஒரு பஸ் ஹார்ன். கைப்பிடி ஆடியது. "அண்ணா, இருக்கீங்களா?" என்று கத்தினேன். "இருக்கேன், இருக்கேன், நீ போ!" என்றது பின்னால். அந்தக் குரல் வந்ததும் கைப்பிடியின் ஆட்டம் நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் ஒருவர் என்னை நம்பி வருகிறார், நான் விழ முடியாது. வலது கையை நீட்டினேன். பஸ் வேகம் குறைத்தது, சத்தியமாகக் குறைத்தது! நாங்கள் இருவரும் மெயின் ரோட்டைக் குறுக்கே வெட்டி எங்கள் சந்துக்குள் திரும்பினோம்.

சாயங்காலம் வந்த தம்பி மகனுக்குப் பழம்பொரி சுட்டுக் கொடுத்து வெறுங்கையோடு அனுப்பினேன். கணவர் வாசல் வரை வந்து அவனை வழியனுப்பிவைத்தார். வேறு வழியில்லை. அதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. பரப்பியவர் ஊடுவழி அண்ணன்தான். "மெயின் ரோட்டுல பாவம் இவ வெலவெலத்துப் போயிட்டா. நான்தான் பேடிக்காதேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்" என்று சாயாக்கடையில் ஆரம்பித்து வீடு வீடாகச் சொல்லிவிட்டார். இன்றைக்கும் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் கதையில் ஒரு லாரி கூடுகிறது.

அண்ணனுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும் என்ற தைரியத்தில் இதைத் தமிழில் எழுதுகிறேன். படித்தவர்கள் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவர் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று, "ஆமா, அண்ணன் இல்லேன்னா நான் வந்து சேர்ந்திருக்க மாட்டேன்" என்று தலையாட்டுகிறேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.