டீக்கடையில் சரிபார்த்த கம்பெனி

ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் எதிர் டீக்கடையில் கேட்க வேண்டும். மூத்த மகள்கள் இருவருக்கும் அப்படித்தான் மாப்பிள்ளை பார்த்தேன். கம்பெனிக்கும் அதே முறை போதும் என்று நினைத்ததுதான் கோளாறு.

கடைக்குட்டி கவிதாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. அவள் சொன்ன படிப்பும் முகவரியும் உண்மைதானா என்று பார்க்கும் வேலையை அந்த ஆபீஸ் வேறொரு கம்பெனியிடம் விட்டிருந்தது. அவர்களின் அரியலூர் கிளையிலிருந்து ஒரு தம்பி போனில் ஆதாரும் சான்றிதழ்களும் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை போகாவிட்டால் வேலை போய்விடும்.

"நம்மள சரிபார்க்கறவன் யாருன்னு நாம பார்க்க வேணாமா?" என்று தடுத்துவிட்டேன்.

"சென்னை ஆபீஸ்லயே கேட்டுட்டேன்ப்பா. வெப்சைட்டும் பார்த்துட்டேன்" என்றாள்.

(வெப்சைட்டை எவனும் செய்துவிடலாம். டீக்கடைக்காரரைச் செய்ய முடியுமா?)

செவ்வாய்க்கிழமை பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். எதிரே வந்த சிமென்ட் லாரிகளை எண்ணியதில் (நாற்பத்தொன்று) கவலை கொஞ்சம் அடங்கியது. கம்பெனி ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. விசாரிக்க வந்தவன் நேராக உள்ளே போவது முறையல்ல. எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு, மாடியில் இருக்கும் தம்பி எப்படி, கெட்ட பழக்கம் உண்டா, சொந்த ஊர் எது என்று மெல்லக் கேட்டேன்.

டீக்கடைக்காரர் என் சலவை வேட்டியைப் பார்த்தார். "தங்கமான புள்ள சார். உங்களுக்கு எத்தன பொண்ணு?"

மூன்று என்றேன். கடைசிப் பெண்ணுக்காக வந்திருப்பதையும் சொன்னேன். கம்பெனிக்கு ஆதாரைக் கூடக் காட்டாத நான், அவர் கேட்கக் கேட்க வீட்டு விலாசம், கவிதாவின் படிப்பு, நட்சத்திரம் எல்லாம் கொடுத்துவிட்டேன். நட்சத்திரம் கேட்டபோதாவது உறைத்திருக்க வேண்டும்.

வியாழன் காலை வாசலில் ஒரு கார் நின்றது. அந்தத் தம்பியும், பூவும் பழமும் வைத்த தட்டோடு அவர் அம்மாவும் இறங்கினார்கள். நல்ல இடம் என்று டீக்கடைக்காரர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்; எந்த வீடு என்று அம்மா மகனிடம் சொல்லவில்லையாம். கவிதாவின் பெயரைக் கேட்டதும் தம்பிக்கு வியர்த்துவிட்டது.

"பொண்ணு பாக்க வந்த வூட்டுக்கு நானே ரிப்போர்ட் எழுதுனா என் வேல போயிடும் சார்."

"எழுதலன்னா என் வேல போயிடும்" என்றாள் கவிதா, என்னைப் பார்த்து.

அந்த அம்மா மட்டும் பதறவில்லை. "தெருமுனை மாவு மில்லுல எல்லாம் விசாரிச்சுட்டேன். சொந்த வூடு. பொண்ணு படிச்சதும் நெசம். அப்பாதான் கொஞ்சம் நச்சரிப்பாம்."

முறைப்படி சரிபார்த்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் கையெழுத்து செல்லாதே! தம்பி திருச்சிக் கிளைக்குப் போன் போட்டு, அன்று மாலையே வேறு ஆளை வரவழைத்தார். இந்த முறை நான் எதுவும் விசாரிக்காமல் சான்றிதழ்களை எடுத்து நீட்டினேன். மறுநாள் அறிக்கை போனது. கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. பழத்தட்டு மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

கவிதா இப்போது சென்னையில் இருக்கிறாள். புது டாக்டரையோ கேஸ் ஏஜென்சியையோ விசாரிக்கக் கிளம்புகிறேன் என்று போனில் சொன்னால் போதும்.

"போயிட்டு வாங்கப்பா. நட்சத்திரத்த மட்டும் சொல்லிடாதீங்க."