மச்சானுக்கு நான் எழுதிய பதினான்கு பக்க பயோடேட்டா

என் மேசை இழுப்பறையில் ஒரு தபால் ஒப்புகை அட்டை இருக்கிறது. குன்னூர் முத்திரை, ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அனுப்பியவர் இடத்தில் என் பெயர், பெற வேண்டியவர் இடத்தில் ஒரு ஹோட்டல் முதலாளியின் பெயர். பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் மட்டும் முதலாளியின் கையெழுத்து இல்லை. என் அக்கா வீட்டுக்காரர் மாரிமுத்துவின் கையெழுத்து இருக்கிறது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வரை அவருக்கும் அந்த ஹோட்டலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சம்பந்தத்தை ஏற்படுத்தியவன் நான். அதை ஒரு சாதனை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, குழாயில் தண்ணீர் எப்போது வந்தது, மஞ்சூர் பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று தினமும் எழுதி வைப்பவன். (யாருக்காக என்று கேட்காதீர்கள். அக்கா கேட்டுக் களைத்துவிட்டாள்.) நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதிகளை வீட்டுக்கு எடுத்துப் போகும் ஒரே உறுப்பினரும் நான்தான். இப்படிப்பட்டவனிடம் ஒருவருடைய பயோடேட்டாவை ஒப்படைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

மச்சான் மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பதினான்கு வருடம் கேட் வாட்ச்மேனாக இருந்தார். ஃபேக்டரியை மூடினார்கள். ஃபேக்டரி கொடுத்திருந்த லயன் வீட்டை அந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் குன்னூரில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு செக்யூரிட்டி வேண்டும் என்று தகவல் வந்தது. உள்ளேயே உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் பெயரை எழுதும் வேலை. ஹோட்டலுக்குப் பின்னால் குடியிருக்க இரண்டு அறையும் உண்டு. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பக்க பயோடேட்டாவோடு வரச் சொன்னார்கள். வேலை கிடைக்காவிட்டால் அக்கா குடும்பம் சாமான்களோடு என் ஒற்றை அறைக்கு வர வேண்டும்.

மச்சான் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "நாலு வரி எழுதிக் குடு மாப்ள" என்றார்.

நாலு வரி எழுதுவதற்கு என்னிடம் இருந்த ஆதாரங்கள் அதிகம். ஃபேக்டரியை மூடியபோது பழைய கேட் புத்தகங்களை வெந்நீர் அடுப்புக்குப் போட இருந்தார்கள். ஒன்பது புத்தகங்களை நான்தான் மீட்டுச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் சாக்குக்கும் டிக்கெட் எடுத்துக் கொண்டுவந்திருந்தேன். பெயர், ஊர், யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. பதினான்கு வருடமும் மச்சானின் கோணல் எழுத்தில் அப்படியே இருந்தது. ஒரு சரித்திர ஆசிரியனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

முதல் பக்கம் பிறந்த தேதியிலேயே முடிந்துவிட்டது. பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, அவர் அம்மா சொன்னது வேறு. இரண்டையும் கொடுத்து, எது ஏற்கத்தக்கது என்று அடிக்குறிப்பு எழுதினேன். 'அறிந்த மொழிகள்' என்ற தலைப்பில், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், படுகு புரியும், மலையாளம் திட்டினால் மட்டும் புரியும் என்று உள்ளதை உள்ளபடி பதிந்தேன். ஐந்தாம் பக்கத்திலிருந்து பணிக்கால நிகழ்வுகள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது கரடி. ஒருநாள் விடிகாலையில் கேண்டீன் கதவை உடைத்துக்கொண்டு ஒரு கரடி உள்ளே போயிருக்கிறது. மச்சான் அதையும் முறைப்படி பதிந்திருந்தார். பெயர்: கரடி. ஊர்: தெரியவில்லை. யாரைப் பார்க்க: எண்ணெய் டின். வந்த நேரம்: ஐந்தே முக்கால். போன நேரம் என்ற கட்டமும் கையெழுத்துக் கட்டமும் காலி.

எட்டாம் பக்கம் தொடங்கி 'தடுத்து நிறுத்தப்பட்டவர்கள்' பட்டியல். இதுதான் என் மகுடம். வாட்ச்மேனின் திறமைக்கு அவர் யாரையெல்லாம் பிடித்தார் என்பதைவிட வேறென்ன சான்று இருக்க முடியும்? தேதி, பெயர், ஊர், பொருள் என்று எல்லாவற்றையும் எடுத்து எழுதினேன். ஒவ்வொரு தேதியையும் நான்கு முறை சரிபார்த்தேன்.

அக்கா தாள்களை எண்ணிப் பார்த்தாள். "ஏன்டா, ஒரு பக்கம்னு சொன்னாங்களா, ஒரு புஸ்தகம்னு சொன்னாங்களா?"

சுருக்கினால் உண்மை போய்விடும் என்றேன். மச்சான் ஐந்தாம் பக்கம் வரை படித்து, கரடி எல்லாம் எதற்கு என்று மட்டும் கேட்டார். விழிப்புக்குச் சான்று என்றேன். அதற்குமேல் அவர் படிக்கவில்லை. ஆனாலும் நம்பகத்தன்மைக்காகப் பதினான்கு பக்கத்திலும் அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் ரேஷன் கடையில் போடுவதுபோல் எங்கே காட்டினாலும் போட்டார்.

புதன்கிழமை காலை. லேசான மழை. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் உள்ளே போனோம். (நான் எதற்குப் போனேன்? ஆதாரங்களில் சந்தேகம் வந்தால் விளக்குவதற்கு. ஒன்பது கேட் புத்தகங்களில் மூன்று என் பையில் இருந்தன.) மேனேஜருக்கு நாற்பது வயது இருக்கும். மரியாதையாக உட்காரச் சொன்னார். முதல் பக்கத்தில் புருவத்தை உயர்த்தினார். கரடியிடம் சிரித்தார். என்னைப் பார்த்து, நல்லா எழுதியிருக்கீங்க என்றுகூடச் சொன்னார். அந்தப் பாராட்டுக்கும் ஒன்பதாம் பக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய மூன்று நிமிடம். என் வாழ்வில் எழுத்தாளனாக நான் இருந்த காலம் அவ்வளவுதான்.

ஒன்பதாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

"இத எழுதினது நீங்கதானுங்களா?"

"நான்தானுங்க. எல்லாமே கேட் புக்குல இருந்து எடுத்ததுங்க. ஒரு எழுத்துக்கூட என் சொந்தம் இல்லீங்க."

"ஒம்பதாம் பக்கமும்?"

"அதுவுந்தானுங்க. வேணும்னா ஒரிஜினலக் காட்டறேனுங்க" என்று பையைத் திறந்தேன்.

மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்போதுதான் மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையைப் படித்தேன். ஜெயப்பிரகாஷ். ஒன்பதாம் பக்கத்தில், மேலிருந்து நான்காவது பதிவு இது: 'ஜெயப்பிரகாஷ், கோவை. மெஷின் பெல்ட் கம்பெனி. மடக்கிய குடைக்குள் டீத்தூள். மழை வந்து கேட்டில் குடையை விரித்தபோது கொட்டியது. கூட்டி எடுத்து ஃபேக்டரியில் ஒப்படைக்கப்பட்டது.' தேதிகளை நான்கு முறை சரிபார்த்தவன் மேனேஜரின் பெயரை ஒருமுறைகூட விசாரிக்கவில்லை.

மேனேஜர் மச்சானிடம் திரும்பினார். "என்னைத் தெரியுதுங்களா?"

"உள்ள வந்ததுமே தெரிஞ்சுதுங்க."

"அப்புறம் ஏனுங்க ஒண்ணும் சொல்லல?"

"கேட்டுல நடந்தது கேட்டோடங்க. எழுதறதுதான் என் வேலை. படிச்சுக் காட்டறது இல்லீங்க."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மேனேஜர், இதற்கு எத்தனை காப்பி இருக்கிறது என்று கேட்டார். காப்பி கேட்டால் எனக்குப் பெருமை வந்துவிடும்.

"மூணுங்க. ஒண்ணு உங்க கையில, ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு உங்க முதலாளி பேருக்கு, இந்த ஹோட்டல் அட்ரசுக்கே, நேத்து மத்தியானம் மூணு பத்துக்கு ரிஜிஸ்டர் தபால்ல போட்டுட்டேனுங்க. ரசீது இருக்குங்க" என்று எடுத்து நீட்டினேன்.

அவர் அந்த ரசீதைப் பார்த்த விதத்தை விவரிக்க எனக்குத் திறமை போதாது. வெளியே இருக்கச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் முப்பத்தெட்டு நிமிடம் உட்கார்ந்திருந்தோம். மச்சான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் குறித்துக்கொண்டு ஆறுதல் அடைந்திருப்பேன். அவர் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "ஒங்க ரூம்ல பீரோ நொழையுமா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். கதவின் அகலம் எனக்குத் தெரியும். நுழையாது. சொல்லவில்லை. என் வாழ்வில் தெரிந்த ஓர் அளவைச் சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

பிறகு மேனேஜர் வெளியே வந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. முதலாளி சனிக்கிழமைதான் கோவையிலிருந்து வருவார் என்றும், அதுவரை அவருக்கு வரும் தபால்களை எல்லாம் வரவேற்பு மேசையில்தான் வாங்கி வைப்பார்கள் என்றும் மச்சானிடம் சொன்னார். கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்குக் காத்தாலயே டூட்டிக்கு வந்துர்றீங்களா?" என்று கேட்டார்.

ஃபைலில் வைக்க ஒரு பயோடேட்டா வேண்டும் என்றும் சொன்னார். ஹோட்டல் தாளில், நின்றபடியே, மச்சான் தானே எழுதினார். பெயர். ஊர். கேட்டில் பதினான்கு வருடம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். நாலு வரி.

அந்தத் தபால் வெள்ளிக்கிழமை வந்தது. இது உறுதி, ஒப்புகை அட்டை என்னிடம் இருக்கிறது. ஹோட்டலின் தபால் புத்தகத்தையும் பின்னொரு நாள் மச்சானுக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் எட்டிப் பார்த்தேன். 'முதலாளிக்கு ரிஜிஸ்டர் கவர் ஒன்று. கனமானது. வந்த நேரம் பதினொன்று இருபது.' பக்கத்துக் கட்டத்தில், யாரிடம் எப்போது ஒப்படைக்கப்பட்டது என்று எழுத வேண்டிய இடத்தில், ஒன்றும் இல்லை.

அக்கா குடும்பம் இன்றும் அந்த இரண்டு அறையில்தான் இருக்கிறது. மேனேஜரும் அங்கேயே இருக்கிறார். பொங்கலுக்கு மச்சானுக்கு அரைக் கிலோ டீத்தூள் கொடுக்கிறார், கடை பில்லைப் பாக்கெட்டிலேயே பின் அடித்து. எங்கள் குடும்பத்தில் எதையாவது காணவில்லை என்றால், சாவியோ கண்ணாடியோ, யாரும் தேடுவதில்லை. "போன நேரம் போடலை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். என் அக்கா மகளுக்குப் பள்ளியில் ஏதாவது விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால், நான் அந்தப் பக்கம் வராத நேரமாகப் பார்த்து எழுதுகிறார்கள்.

கவர் என்ன ஆயிற்று என்று மச்சானிடம் இதுவரை மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்றும் டைரியில் உள்ளன. மூன்று முறையும் ஒரே பதில்: "வந்துச்சு மாப்ள. எழுதி வெச்சிருக்கேன்ல?"

ஆகவே, முதலாளி அதைப் படித்தாரா, வெந்நீர் அடுப்புக்குப் போயிற்றா, இன்னும் அந்த வரவேற்பு மேசையின் ஏதோ ஓர் இழுப்பறையில் இருக்கிறதா என்பது சரிபார்க்கப்படவில்லை. கரடி வெளியே போனதும் அப்படித்தான்.