மாமி வீட்டுப் பீங்கான் மெசின்

வேலையைக் குறைப்பதற்கென்று வீட்டுக்குள் வரும் எந்த மெசினும் முதலில் அந்த வீட்டில் ஒருவனின் மானத்தைக் குறைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான். இதைச் சொல்ல இப்போதெல்லாம் வெட்கம் வருவதில்லை, அலுப்புத்தான் வருகிறது. நான் சொல்லித்தான் கல்முனைக்குடியில் இந்தக் கதையை யாரும் அறிய வேண்டும் என்றில்லை. ஆனால் மற்றவர்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நுரையின் உயரம் கூடிக்கொண்டே போகிறது. கடைசியாக ஒரு கலியாண வீட்டில் கேட்டபோது அது முழங்காலுக்கு வந்திருந்தது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது. நானும் ஒரு பெட்டியோடு நஸீராவின் வீட்டுக்குப் போனேன். போன நாளிலிருந்து அங்கே நான் ராசா. முதல் தேநீர் எனக்கு, மீனின் நடுத்துண்டு எனக்கு. நான் பிழையாக ஒன்றைச் சொன்னாலும் "ஓம் ஓம், அதுதான் சரி" என்பார்கள். (ஒரு மனிசனைச் சில வருடம் இப்படி வைத்திருந்தால் அவனுக்குத் தன்னைப் பற்றி என்ன எண்ணம் வரும்? யோசித்துப் பாருங்கள்.) மாமி இன்னும் பழைய முறைக்காரர். மருமகனோடு நேருக்கு நேர் கதைக்க மாட்டார். கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, மகளுக்குச் சொல்வது போல எனக்குச் சொல்வார். மகள் வீட்டில் இல்லாத நேரத்திலும் மகளுக்குத்தான் சொல்வார். "புள்ள, மழ வரப்போகுது, வெளிய காயிற சாரன எடுக்கச் சொல்லு" என்று திரை சொல்லும். நான் எழும்பிப் போய்ச் சாரனை எடுப்பேன்.

நஸீராவுக்கு ஒரு தங்கை, பர்ஹானா. அவளுக்கென்று கடற்கரையோரம் கட்டிய வீட்டைக் கடல் கொண்டு போனது. மாமாவும் அந்த வீட்டோடு போனார். அதற்குப் பிறகு, அவளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தமும் மெல்ல நழுவியது. 'வீடில்லாத பெண்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, போக்குவரத்தைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கட்டாரில் வேலை செய்த மச்சினன் றிஸ்வான் உழைத்து அனுப்ப அனுப்ப, மாமி எங்கள் வீட்டு வளவிலேயே பர்ஹானாவுக்கு இன்னொரு வீட்டைக் கல்லுக் கல்லாக எழுப்பினார். கடைசியில் அந்த வீடும் முடிந்தது. மருதமுனையில் இருந்து நல்ல சம்பந்தம் ஒன்றும் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா தன் பக்கத்துப் பெண்களோடு வந்து, பகல் சாப்பிட்டு, வீடு பார்த்துப் போவதென்று பேச்சு. வீடும் வீட்டு ஆட்களும் பிடித்தால் கலியாணம். பிடிக்காவிட்டால் பர்ஹானா திரும்பவும் காத்திருக்க வேண்டும். அவள் காத்திருந்து களைத்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் றிஸ்வான் டெலிபோன் எடுத்தான்.

"மச்சான், புது வீட்டுக் குசினிக்கு ஒரு சாமான் அனுப்பிரிக்கன். பீங்கான் கழுவுற மெசின். ஆராச்சும் தெரிஞ்ச ஆளப் புடிச்சுப் பூட்டுங்க."

"ஆளா? என்னத்துக்கு ஆள்? நான் இரிக்கன்தானே?"

நான் ஒரு கந்தோரில் கோப்பு எழுதும் எழுதுவினைஞன். அங்கே ஒருநாள் நின்றுபோன மின்விசிறியைத் தட்டி ஓட வைத்திருந்தேன். மெசின் விடயத்தில் என் தகுதி முழுவதும் அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து லொறியில் பெட்டி வந்தது. உடைத்தால் உள்ளே ஒரு புத்தகம், அரபியில். எனக்கு அரபி வாசிக்கத் தெரியும். மதரசாவில் ஓதிப் படித்தவன், எழுத்துக் கூட்டி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி அழகாக வாசிப்பேன். பொருள்தான் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டிருந்து முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். திரைக்குப் பின்னால் மாமி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பக்தியோடு நின்றதாகப் பிறகு அறிந்தேன். தண்ணீர்க் குழாயைப் பூட்டும் முறையை நான் ஓதிக்கொண்டிருந்திருப்பேன் போல.

"ஓதினாப் போதுமா? விளங்க வேணாமா?" என்றாள் நஸீரா.

"படம் போட்டிரிக்கிதானே" என்றேன்.

படத்தைப் பார்த்துப் பூட்டினேன். கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் இருந்த அலுமாரியை அகற்றி, மெசினை நிறுத்தி, தண்ணீர் வரும் ஹோஸை ஒரு பக்கமும் போகும் ஹோஸை மறுபக்கமும் மாட்டி, ப்ளக்கைச் செருகி, பொத்தானை அழுத்தினேன். உறுமியது. தண்ணீர் வரவில்லை.

"டாங்கி உயரம் காணாது. அமுக்கம் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னேன். எல்லோரும் ஓம் என்றார்கள். ஆட்களைப் பிடித்து, மேலே இருந்த தண்ணீர் டாங்கியை இன்னும் உயரத்தில் ஏற்றினேன். பிறகும் வரவில்லை. சுவர்க் குழாயில் நானே மாட்டிய திருகை நானே திறக்கவில்லை என்பதைப் பர்ஹானா கண்டாள். "மச்சான், இது சும்மா மூடி இரிக்கி போல" என்று மெல்லச் சொல்லித் திறந்துவிட்டாள். வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை.

அடுத்தது, வந்த தண்ணீர் போகவில்லை. பீங்கான்கள் குளத்துக்குள் நின்றன. அடியில் இருந்த வடிகட்டியைக் கழற்றினேன், சோற்றுப் பருக்கை ஒரு பிடி இருந்தது. அதை எடுத்தும் போகவில்லை. மெசினைச் சரித்தேன், தட்டினேன், ஒரு பிற்பகல் முழுவதும் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், சுவரோடு ஒட்டி நிற்கட்டும் என்று நான் தள்ளிய தள்ளில் பின்னால் ஹோஸ் மடங்கிக் கிடந்தது.

அதற்கும் அடுத்தது, கழுவி வந்த பீங்கானெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. றிஸ்வானிடம் கேட்டேன்.

"மச்சான், தண்ணி சரியில்ல. அடியில ஒரு மூடி இரிக்கும், அதுக்குள்ள உப்புப் போடுங்க."

"டேய், கடல் வந்து போனதுல இருந்து எங்கட கிணத்துல உப்புத்தான் இரிக்கி. அதுக்கு மேல நானும் போடுறதா?"

அவன் ஏதோ விளக்கினான். நான் கேட்கவில்லை. நஸீரா ஒவ்வொரு பீங்கானையும் துணியால் துடைத்து அடுக்கினாள். மெசின் கழுவியதைத் துடைக்க எடுத்த நேரத்துக்குள் கையாலேயே கழுவி முடித்திருக்கலாம். அதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வீடு பார்க்கும் நாள் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா நல்ல கட்டான மனிசி, பார்வையாலேயே சுவரின் வெடிப்பை எண்ணக்கூடியவர். மாமி நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் ஆக்கியிருந்தார். எங்கள் வழக்கப்படி சஹனில்தான் சாப்பாடு, அதாவது அகலமான பெரிய தட்டைச் சுற்றியிருந்து பலரும் ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவது. சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் இனிப்புக்கு வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்த நேரத்தில் நான் குசினிக்குள் புகுந்தேன். வீட்டு மருமகனுக்குக் குசினியில் ஒரு அலுவலும் இல்லைதான். ஆனால் மெசினை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். வந்தவர்கள் குசினியைப் பார்க்க வரும்போது அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் திட்டம்.

சஹன் மெசினுக்குள் அடங்கவில்லை. இந்த மெசினைச் செய்தவனுக்கும் கட்டாரிலிருந்து அனுப்பியவனுக்கும் சஹன் மறந்துவிட்டதா என்று ஏசிக்கொண்டு, ஒன்றைக் குறுக்காகச் செருகி, கதவை முழங்காலால் அழுத்தி மூடினேன். அடுத்தது தூள். றிஸ்வான் அனுப்பிய தூளில் ஒரு கரண்டி போட வேண்டும். நெய்யும் இறைச்சிக் கொழுப்பும் பிடித்த சஹனுக்கு ஒரு கரண்டித் தூள் எந்த மூலைக்கு? கதவைத் திரும்பத் திறந்தேன். கழுவுதொட்டியடியில் கையால் பீங்கான் கழுவுகிற சவர்க்காரத் திரவம் இருந்தது. எடுத்து ஊற்றினேன்.

குசினியின் பின்கதவுத் திரை அசைந்தது.

"புள்ள, அந்த மெசினுக்குச் சவுக்காரத் தண்ணி ஊத்தலாமா எண்டு கேளு."

புள்ள அங்கே இல்லை, அவள் முன் அறையில் வட்டிலப்பம் பரிமாறிக்கொண்டிருந்தாள். குசினியில் நான் மட்டும்தான். கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை, ஆகவே பதில் சொல்லும் கடமையும் எனக்கு இல்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

"புள்ள, பாதிப் போத்தல் போயிட்டு எண்டு சொல்லு."

மீதியையும் ஊற்றினேன். (அதை ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கே தெரியாது. ராசாவாக வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும்.)

பொத்தானை அழுத்தினேன். மாப்பிள்ளையின் உம்மாவும் மற்றப் பெண்களும் நஸீராவோடு குசினி வாசலுக்கு வந்தார்கள். நான் ஒதுங்கி நின்று விளக்கினேன். உள்ளே மழை மாதிரி சுடுதண்ணீர் பெய்யும் என்றேன்.

"டக்கு டக்கு எண்டு கேக்குது, அது என்ன மகன்?" என்று கேட்டார் அவர்.

குறுக்காக நின்ற சஹனில், உள்ளே சுழல வேண்டிய தண்ணீர்க் கை மோதிக்கொண்டிருந்தது.

"அது தேய்க்கிற சத்தம் உம்மா" என்றேன்.

அவர் மாஷா அல்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது மெசினின் கதவடியால் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு அது இறங்கி வந்தது. புது மாபிள் தரையில் பரவி, அலுமாரியைச் சுற்றி, வாசலை நோக்கி நடந்தது. அப்போதே நிறுத்தியிருந்தால் ஒரு துணியோடு போயிருக்கும். நான் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குக் கதவைத் திறந்தேன். உள்ளே அடைபட்டிருந்த நுரை முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. பின்னாலேயே சஹனும் வந்து, விழுந்து, உருண்டு, மாப்பிள்ளையின் உம்மாவின் காலடியில் போய்ச் சுழன்று சுழன்று சத்தம் போட்டது. நுரை அவருடைய கணுக்காலில் நின்றது. (கணுக்கால். முழங்கால் இல்லை.)

அப்போதுதான் திரை கிழிந்தது. கம்பியோடு கழன்று வந்த துணி பாதி தோளில் கிடக்க, மாமி என் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"நிப்பாட்டு! ப்ளக்கக் கழட்டு! எத்தின தரம் சொல்ற? மாடு மாதிரிப் பாத்துக்கு நிக்கிறாய்!"

அந்த வீட்டில் என்னை யாரும் 'நீ' என்று அழைத்ததில்லை. நான் ப்ளக்கைக் கழற்றினேன். மாமி தான் செய்ததை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். நஸீரா சுவரைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் உம்மா உடுப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சஹனைத் தாண்டி, "சரி, நாங்க போயிட்டு வாறம்" என்றார். போய்விட்டார்கள். தேநீர் குடிக்கவில்லை.

பர்ஹானா தும்புத்தடியை எடுத்து நுரையைத் தள்ளத் தொடங்கினாள். நான் ஏதோ சொல்லப் போனேன். "பரவால்ல மச்சான்" என்றாள். முகத்தைத் தூக்கவில்லை. அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கடல் விட்டுவைத்ததை நான் முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மருதமுனையிலிருந்து பேச்சு மூச்சில்லாத அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமி தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. மருமகனை மாடு என்று சொன்ன வெட்கம் அவருக்கு, மாடாக நின்ற வெட்கம் எனக்கு.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மாப்பிள்ளையின் உம்மா தனியாக ஓட்டோவில் வந்து இறங்கினார். நேரே மாமியிடம் போனார். முன் அறையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"ராத்தா, என்ட மகனும் உங்கட மருமகன் மாதிரித்தான். நல்லா இரிந்த ப்ரிட்ஜக் கழட்டி எங்கட வீட்டயே நாசமாக்கினவன். மாமி வீட்டுல ராசா மாதிரி வெச்சிருப்பாங்க, ஒரு சொல்லுச் சொல்ல மாட்டாங்க, இவன் அந்த வீட்டக் கழட்டிப் போட்டுருவான் எண்டு பயந்துக்கு இரிந்தன். நீங்க ஏசின ஏச்சக் கேட்டாப் பொறகுதான் எனக்கு நிம்மதி. கலியாணத்துக்கு நாளப் பாருங்க."

உள்ளே பர்ஹானா அழும் சத்தம் கேட்டது. அது நல்ல அழுகைதான் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. என் கண்ணும் கலங்கியது, மறைக்கவில்லை.

"ஒண்டு மட்டும்" என்றார் அவர் போகும்போது. "ரெண்டு மருமக்களையும் ஒண்டாக் குசினிக்குள்ள உட வேணாம்."

யாரும் அதைக் கவனத்தில் எடுக்கவில்லை. கலியாணம் முடிந்து வந்த புது மாப்பிள்ளை, சம்பந்த விருந்தின் களைப்பெல்லாம் தீர்ந்ததும் என் பக்கத்தில் வந்திருந்து, அண்ணனைக் கூப்பிடும் முறையில் "காக்கா, அந்த மெசின் எங்க?" என்று மெல்லக் கேட்டான். கையில் திருப்புளி. எனக்கு அவனை நன்றாகப் பிடித்துப்போனது. இருவரும் சேர்ந்து மெசினைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டினோம். பூட்டி முடிந்தபோது ஒரு கோப்பை நிறையத் திருகாணி மிச்சம் இருந்தது. அதன் பிறகு அது உறுமக்கூட இல்லை.

மாமி வந்து பார்த்தார். இம்முறை அவர் வாயைப் பொத்தவில்லை, வெட்கமும் வரவில்லை. ஏசிப் பழகிவிட்டிருந்தார். சட்டம் ஒன்று போட்டார், அது இன்றுவரை மாறவில்லை. நோன்பு திறக்கும் நாளோ, பெருநாளோ, கந்தூரியோ, சஹன் கழுவுவது நாங்கள் இருவரும்தான், கிணற்றடியில் குந்தியிருந்து, கையால். விருந்துக்கு யார் வந்தாலும் மாமி எங்களைக் காட்டித்தான் வீட்டைச் சுற்றிக் காட்டத் தொடங்குவார்.

"எங்கட வீட்டுல ரெண்டு பீங்கான் மெசின் இரிக்கி. கரண்டே தேவல்ல, ஏசினாப் போதும்."

வந்தவர்கள் சிரிப்பார்கள். பர்ஹானாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பாள். இன்றைக்கு அவளுடைய மூத்த மகளுக்கு வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். நெய்ச்சோறு முடிந்துவிட்டது, இடுப்பு இப்போதே வலிக்கிறது. கிணற்றடியிலிருந்து மாமி என் பெயரைச் சொல்லி ஏசத் தொடங்கிவிட்டார்.